பச்சை ஹெல்மெட்

பதினேழாம் நம்பர் காத்தாடியின் உச்சியில் கருப்புசாமி கியர் ஆயிலை வடித்துக்கொண்டிருந்தார். இறக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் அந்த இரும்புப் பெட்டிக்கு நாசல் என்று பெயர். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, ஒரு ஆம்னி வேனுக்குள் இருப்பது போலத்தான். இடது முட்டியை மடக்க முடியாததால் காலை நீட்டி, கேனைத் தொடையில் அணைத்துப் பிடித்திருந்தார். திறந்திருந்த மூடி வழியாகத் தெரிந்த தென்னந்தோப்புகள் கிணத்துக்கடவு வரை பச்சையாகக் கிடந்தன. அடுத்த வாரம் கிரேன் வந்து இந்தக் காத்தாடியைக் கழற்றிவிடும். அதோடு சேர்த்து இருபத்திரண்டையும் கழற்றிவிட்டு, பெரிதாக எட்டு நடப்போகிறார்களாம், அதில் மூன்று ஏற்கெனவே எழுந்துவிட்டன.

கேன் நிறைந்ததும் கையைத் துணியில் துடைத்துவிட்டு, சுவரில் தொங்கிய லாக் புக்கை எடுத்தார். தேதி, செய்த வேலை, நேரம் எல்லாம் எழுதினார். மேலே ஏறி வந்த இன்ஜினியர் கையெழுத்து என்று இருந்த கட்டத்தில், யோசிக்காமல், சர்ரென்று ஒரு இழுப்பு இழுத்து மிதுனின் கையெழுத்தைப் போட்டார். மிதுன் அப்போது கீழே ஜீப்பில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தான்.

இது ஒன்பது வருடப் பழக்கம். மிதுன் இன்ஜினியராகச் சேர்ந்த முதல் வாரம், நூற்று அறுபத்தெட்டுப் படி ஏணியில் எண்பதாவது படியில் நின்றுவிட்டான். மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி அழுதான். கருப்புசாமிதான் தன் பெல்ட்டோடு அவன் பெல்ட்டைக் கோத்து, ஒவ்வொரு காலாகப் பிடித்துப் படியில் வைத்து இறக்கினார். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அண்ணா என்று கையைப் பிடித்துக் கேட்டான். பாவம், படித்த பையன், ரெண்டு மாசத்தில் பழகிவிடும் என்று அன்று மட்டும் அவன் கையெழுத்தை இவர் போட்டார். பையனுக்குப் பழகவில்லை. இவர் கைக்குத்தான் பழகியது.

நாலு காத்தாடிகள் நிற்பது மிதுனுடைய அப்பா திருமூர்த்தியின் பூமியில். அவர் இன்றைக்கும் வரப்பில் நின்றபடி “டேய் கருப்பா” என்றுதான் கூப்பிடுவார். மிதுன் அப்படியில்லை. வாய்க்கு வாய் அண்ணா, பேச்சுக்குப் பேச்சு வாங்க போங்க. அந்த மரியாதையில் கருப்புசாமி கொஞ்சம் மயங்கித்தான் போயிருந்தார்.

இடத்தை வாங்கிய புதுக் கம்பெனி சைட் இன்சார்ஜ் வேலைக்கு ஆள் தேடுவதாகப் பேச்சு அடிபட்டது. எங்கு பார்த்தாலும் காத்தாடியும் சோலாருமாக வந்துகொண்டிருக்க, பொறுப்பாக நின்று நடத்த அனுபவசாலி கிடைக்கவில்லையாம். படிப்பு முக்கியமில்லை, எட்டு வருட அனுபவம் போதும் என்று போட்டிருந்தார்கள். கருப்புசாமிக்கு இருபத்து நாலு வருடம் ஆகிறது. இன்சார்ஜ் ஏணி ஏற வேண்டாம், கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பார்க்கலாம். முட்டி ஜவ்வு தேய்ந்துவிட்டது, இனி ஏணி பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிறது. ஏறாவிட்டால் வேலை இல்லை, ஏறினால் கால் இல்லை. இந்த ஒரு வேலைதான் அவருக்கு மிச்சமிருந்த வழி.

இன்டர்வியூ கோயம்புத்தூரில், அவினாசி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் நடந்தது. கேள்வி கேட்டவர் ராமுலு என்று அனந்தபூர்க்காரர். அவரும் காத்தாடி ஏறி வளர்ந்தவர்தான், கையைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் செல்போனில் ஒரு காத்தாடி ஓடும் சத்தத்தைப் போட்டுவிட்டு என்ன கோளாறு என்று கேட்டார். கருப்புசாமி கண்ணை மூடிக் கேட்டார்.

“கியர் இல்லீங்க. ஜெனரேட்டர்ல பின்பக்கத்துப் பேரிங்குங்க. இன்னும் ஒரு மாசம் தாங்கும், அப்புறம் கடிச்சுப்போடுமுங்க.”

ராமுலு சிரித்தார். ஆறு மாதமாகத் தேடுகிறோம், பட்டதாரிகள் வரிசையில் நிற்கிறார்கள், சத்தத்தைக் கேட்டுச் சொல்கிற ஆள்தான் இல்லை என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார். டீ வரவழைத்தார். கருப்புசாமிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இத்தனை வருடத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்து இப்படி யாரும் வேலையைப் பற்றிப் பேசியதில்லை.

பிறகு அனுபவத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். கருப்புசாமியிடம் இருந்தது கான்ட்ராக்டர் கொடுத்த அடையாள அட்டை ஒன்றுதான். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் மாறுவான், அட்டையும் புதிதாக வரும். அதில் ஹெல்பர் என்றும், சேர்ந்து ஏழு மாதம் என்றும் இருந்தது. பரவாயில்லை என்ற ராமுலு, மேசைக்குக் கீழிருந்து ஒரு கட்டு லாக் புக்குகளை எடுத்து வைத்தார். பழைய கம்பெனி ஒப்படைத்தவை.

“இதுல உங்க கையெழுத்து எதுன்னு காட்டுங்க. இதுவே போதும் எனக்கு.”

கருப்புசாமி ஒன்றைப் பிரித்தார். பக்கத்துக்குப் பக்கம் அவருடைய எழுத்து. ஓரத்திலெல்லாம் அவருடைய கட்டைவிரல் கிரீஸ் ரேகை. கட்டத்தில் மட்டும் மிதுன். சுவரில் கம்பெனியின் பாதுகாப்பு விதிகளை ஒட்டியிருந்தார்கள். அடுத்தவர் கையெழுத்தைப் போட்டவரும் போடச் சொன்னவரும் எந்த சைட்டிலும் காலெடுத்து வைக்க முடியாது என்று மூன்றாவது விதி சொன்னது.

டீ ஆறும் வரை அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு மூடி வைத்தார். “நான் கூட ஆயில் கேன் தூக்கிட்டுப் போவேனுங்க” என்றார்.

ராமுலுவுக்கு முகம் வாடிவிட்டது. “அப்ப இந்த மிதுன்தான் ஆளு. எண்ணூத்தி நாப்பது தடவை ஏறியிருக்கார். பொங்கலன்னிக்குக்கூட ரெண்டு தடவை. அவரும் அப்ளை பண்ணியிருக்கார்.”

அந்தப் பொங்கல் கருப்புசாமிக்கு நன்றாக நினைவிருந்தது. “ஆமாங்க” என்று எழுந்துகொண்டார்.

வீட்டில் மனைவி செவ்வந்தி கயிறு மில்லிலிருந்து வந்து, தலையில் ஒட்டிய தென்னந்தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவர் எதையும் மறைக்காமல் சொன்னார். அவள் கோபத்தில் முந்தானையை உதறினாள்.

“அந்தப் பையன் அழுதான்னு நீங்க எரக்கப்பட்டீங்க. நாம அழுதா எவனுங்க எரக்கப்படறான்? நாந்தான் ஏறுனேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்திருக்கலாமல்ல?”

“சொல்லியிருந்தா இப்ப இருக்கற வேலையும் இல்ல செவ்வந்தி.”

அவள் உலை வைக்கப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து மிதுன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். இன்சார்ஜ் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. வாசலிலேயே வண்டியில் சாய்ந்து நின்றான். செவ்வந்தி கொடுத்த காப்பியை இரண்டு கையாலும் வாங்கி, இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லி திண்ணை விளிம்பில் வைத்தான். அது அங்கேயே ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

“ஏனுங்ணா, உங்கள உட்டுப்போட்டு நான் மட்டும் போயிருவேனுங்களா? கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், ஒண்ணாந்தேதி வந்துருங்க. முட்டி விஷயம் வெளிய தெரிய வேண்டாம். டாக்டர் நம்மாளு, ஃபிட்டுன்னு எழுதிக் குடுத்துருவாருங்க.”

சொன்ன குரலில் உண்மையான அன்பு இருந்தது. அதுதான் கருப்புசாமிக்குத் தாங்கவில்லை. முடியாது என்று சொல்ல வாயெடுத்தவர், வேறு வேலைக்கு எங்கே போவது என்று நினைத்ததும் “சரிங்க” என்றார். மிதுன் போன பிறகு செவ்வந்தி ஆறிப்போன காப்பியை வாசல் முருங்கை மரத்தடியில் ஊற்றினாள்.

ஒண்ணாந்தேதி புது சைட்டில் பயிற்சி வகுப்பு. பெல்ட்டை எப்படி மாட்டுவது என்று வீடியோ போட்டுக் காட்டினார்கள். கருப்புசாமி முதல் பெஞ்சில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். கடைசியில் ஹெல்மெட் கொடுத்தார்கள். அனுபவமுள்ள தலைவர்களுக்கு வெள்ளை, புதிதாக வந்தவர்களுக்குப் பச்சை. பச்சை ஹெல்மெட்காரர் ஆறு மாதத்துக்குத் தனியாக ஏறக் கூடாது, வெள்ளை ஹெல்மெட்காரர் ஒருவர் கூடவே ஏறி அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று விதி. மிதுனுக்கு வெள்ளை, கருப்புசாமிக்குப் பச்சை; அவருக்குக் கற்றுக்கொடுப்பவராக மிதுனே தன் பெயரைக் கொடுத்திருந்தான்.

மறுநாள் காலை மூன்றாம் நம்பர் காத்தாடியில் வேலை. புதுக் கோபுரம், நானூறு படி. லிஃப்ட் இன்னும் பொருத்தவில்லை. கோபுரத்தின் கதவு வரை மிதுன் கூட வந்தான். உள்ளே தலையை நீட்டி, மேலே பார்க்காமல், பேனாவை எடுத்து கருப்புசாமியின் சட்டைப் பையில் செருகினான்.

“மெதுவா போங்ணா, அவசரமில்லீங்க. நம்ம ரெண்டு பேருத்துக்கும் போட்டுருங்க.”

கருப்புசாமி ஏறினார். இருநூறாவது படியில் முட்டி பிசகி, பத்து நிமிடம் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். பெல்ட்டைக் கோத்து இறக்க யாரும் இல்லை. மறுபடி ஏறினார். மேலே போய் போல்ட்டுகளை முறுக்கி முடித்து, புத்தம்புது லாக் புக்கின் முதல் பக்கத்தைத் திறந்தார். இரண்டு கட்டங்கள் இருந்தன. கற்றுக்கொடுப்பவர், கற்றுக்கொள்பவர்.

முதல் கட்டத்தில் மிதுனின் கையெழுத்து ஒரே இழுப்பில் அழகாக விழுந்தது. இரண்டாவது கட்டத்தில் தன் பெயரைப் போடப் போனபோது கை நின்றுவிட்டது. பேனாவை இறுக்கிப் பிடித்து, க, ரு, ப், பு என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அது கோணல்மாணலாக, அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த ஒருவருடைய கையெழுத்து போல இருந்தது.