வயருக்காகப் போட்ட துளை

1

இந்தக் கதை ஒரு துளையில் ஆரம்பித்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அக்கா படுத்திருக்கும் அறையின் ஜன்னல் கண்ணாடியில், கீழ்மூலையில், கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. தானாக உடைந்தது இல்லை. அளந்து, குறித்து, தண்ணீர் விட்டுக்கொண்டே துளைத்து, கையைக் கிழிக்காதபடி விளிம்பைத் தேய்த்து எடுத்தது. போட்டவர் அத்தான், அக்காவின் கணவர். வீடுகளுக்கும் கடைகளுக்கும் கண்ணாடி போடுவது அவருடைய தொழில். அவர் முன்பதிவு செய்திருக்கும் புது எலெக்ட்ரிக் பிக்கப் வண்டி வந்து வாசலில் நின்றதும், அதன் பேட்டரியிலிருந்து ஒரு வயர் இந்தத் துளை வழியாக உள்ளே வந்து, அக்காவின் கட்டிலருகே இருக்கும் ஆக்சிஜன் மெஷினுக்குப் போகும்.

வண்டி இன்னும் வரவில்லை. துளை வந்துவிட்டது. காற்று உள்ளே வராமலிருக்க இப்போதைக்கு ஒரு பழைய சாக்ஸைத் திணித்து வைத்திருக்கிறோம்.

கதை எழுதுகிறவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைப்பீர்கள். துளையை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கும் அதுதான் தோன்றியது. அந்த அற்ப சந்தோஷத்துக்காக என்னை நானே திட்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'அந்தத் தெருவில் எல்லோரும் எதற்காகவோ காத்திருந்தார்கள்.' அடித்துவிட்டேன். எல்லோரும் காத்திருந்தால் யாருக்கும் வலிக்காது.

இரண்டாவது தொடக்கம்: 'கரண்ட் போனபோது அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.' இது நடந்ததுதான். ஆனால் இப்படி ஆரம்பித்தால் அடுத்த வரியிலேயே அவளைப் பாடையில் ஏற்றிவிடுவீர்கள். அவள் சாகவில்லை. இதை எழுதும் இந்த மதியத்தில் பக்கத்து அறையில் குறுக்கெழுத்துப் புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். நான் டீ போடாமல் எழுதிக்கொண்டிருப்பதற்காக என்னைத் திட்ட வேண்டும், அதற்கான மூச்சைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது தொடக்கம்: 'அத்தான் பழைய வேனை விற்ற அன்று அதன் பின்கதவில் எழுதியிருந்த தன் பெயரையும் போன் நம்பரையும் சுரண்டி எடுக்க மறந்து' [இதை வேறெங்காவது வைக்க வேண்டும்.]

தொடக்கமே வேண்டாம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

3

அக்காவின் நுரையீரல் கெட்டிப்பட்டுக்கொண்டே வருகிறது. திருப்ப முடியாது, தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். மெஷின் அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மூக்கில் மாட்டியிருக்கும் குழாய் வழியாகக் கொடுக்கிறது. கரண்ட் இருந்தால் மெஷின் ஓடும், மெஷின் ஓடினால் அக்கா இருப்பாள். எங்கள் தெருவிலோ கரண்ட் நினைத்தால் போகும், நினைத்தால் வரும். போனால் இன்வர்ட்டர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் சிலிண்டர். சிலிண்டரும் தீர்ந்து, கரண்டும் வராமல், அக்காவின் உதடுகள் நீலம் பாரித்த ஒரு மாலை இந்த வீட்டில் நடந்திருக்கிறது. அதை இங்கே விவரிக்கப்போவதில்லை. விவரித்துப் பார்த்தேன். நன்றாகவே வந்திருந்தது. அதனால்தான் கிழித்துப்போட்டேன்.

[ஜெனரேட்டர் வாங்கக்கூடாதா என்று கேட்பவர்களுக்கு: வாங்கினோம். புகை நேராக அவள் அறைக்குள்தான் போனது. டீசல் வேனையும் அதே காரணத்துக்காகத்தான் அத்தான் விற்றார். புது வண்டி புகை விடாது, சத்தம் போடாது, தொழிலுக்கும் ஆகும், நின்ற இடத்திலிருந்தே ஓரிரு நாள் மெஷினை ஓட்டும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.]

[பட்டறையில் தூசி பறக்கக் கண்ணாடி விளிம்புகளை இத்தனை வருடமாகத் தேய்த்துக்கொடுத்தது யார் என்று டாக்டர் கேட்டபோது, அத்தான் தலையைக் குனிந்து] இந்த வாக்கியத்தை முடிக்கும் தைரியம் எனக்கு இல்லை.

வேன் இல்லாததால் இப்போது அத்தான் கண்ணாடியைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். பெரிய அளவென்றால் வாடகை வண்டி. ஒரு ஆள் தூக்கக்கூடியதென்றால் நடைதான். தோளில் மடித்த துணி, கையில் தடித்த உறை, கண்ணாடி உடம்போடு ஒட்டினாற்போல் நேராக. தூரத்தில் வரும்போது பார்த்தால், ஒன்றுமில்லாத எதையோ ஒருவர் படு ஜாக்கிரதையாகச் சுமந்து வருவது போலிருக்கும். வெயில் பட்டால்தான் அது கண்ணாடி என்று தெரியும்.

4

வண்டியைப் பதிவு செய்யப் போனபோது அக்காவும் வந்தாள். சின்ன சிலிண்டர் என் தோள்பையில். ஷோரூமில் ஏசி குளிர், தரையில் முகம் தெரியும் பளபளப்பு, எதற்கெடுத்தாலும் புன்னகைக்கிற ஒரு பெண். அவள் வண்ண அட்டையை நீட்டினாள்.

"கலர் நீ சொல்லு" என்றார் அத்தான் அக்காவிடம்.

"ஓட்டப்போறது நீங்க."

"ஓட்டறவன் உள்ள உக்காந்திருப்பான், அவனுக்கு என்ன கலர் தெரியும்? ஜன்னல் வழியா நாள் பூரா பாக்கப்போறது நீதான். சொல்லு."

அக்கா அட்டையை வாங்கி நிதானமாகப் பார்த்தாள். "இந்தப் பச்சை" என்றாள். கரும்பச்சை. எனக்குப் பிடிக்கவில்லை. பழைய மிலிட்டரி லாரி போலிருந்தது.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் அத்தானுக்குப் போன் செய்தாள். பட்டறையில் கை நிறைய வேலை, போன் ஸ்பீக்கரில் கிடந்தது. நானும் இருந்தேன்.

"சார், பச்சை கலர் ஃபேக்டரில இன்னும் ஆரம்பிக்கவே இல்லயாம். எப்பன்னு என்னால சொல்ல முடியல. வெள்ளை ரெடியா நிக்குது சார். சரின்னு ஒரு வார்த்தை சொன்னா இந்த வாரமே எடுத்துக்கலாம்."

அத்தான் கண்ணாடி அறுக்கும் கத்தியை மேசையில் வைத்தார். "பச்சையே இருக்கட்டும்மா. காத்திருக்கோம்."

போன் பேச்சு முடிந்ததும் நான் கத்தினேன். "உங்களுக்கென்ன பைத்தியமா? கலரா முக்கியம் இப்ப?"

"கல்யாணமான நாள்லேர்ந்து அவ வாயைத் திறந்து எனக்கு இது வேணும்னு கேட்டது இது ஒண்ணுதான். அதையும் இல்லேன்னு சொல்லச் சொல்றியா?"

"அவகிட்டயே கேளுங்க. அவளே சொல்லுவா."

"என்ன சொல்லுவா? வெள்ளையே போதும்னுவா. அவளை எனக்குத் தெரியாதா? நீ மூச்சு விடாத. என் மேல சத்தியம்."

சத்தியம் செய்துகொடுத்தேன்.

இந்த இடத்தில்தான் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மனைவியின் மூச்சை விட மனைவியின் ஆசை பெரிதென்று நினைக்கும் ஒருவரை யார் நம்புவார்கள்? அதனால் திருத்தி எழுதினேன். திருத்தத்தில் அத்தான் 'சரிம்மா, வெள்ளையே அனுப்புங்க' என்கிறார். வண்டி வருகிறது. வயர் நுழைகிறது. அக்கா மூச்சு விடுகிறாள். அரைப் பக்கத்தில் கதை முடிந்துவிட்டது. எழுதி முடித்து எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். துளையில் சாக்ஸ் அப்படியே இருந்தது.

5

பிறகு ஒரு மதியம் கரண்ட் போயிற்று. வெகுநேரம் வரவில்லை. இன்வர்ட்டர் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அத்தான் யாரோ ஒருவருடைய சமையலறை ஜன்னலுக்குக் கண்ணாடி தூக்கிக்கொண்டு போயிருந்தார். நான் சிலிண்டர் மீட்டரின் முள்ளைப் பார்த்தேன். அது இருந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. சத்தியத்தைத் தூக்கிக் கடாசிவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, வெள்ளை வண்டி ரெடியா நிக்குதாம். நீ வெள்ளை போதும்னு ஒரு வார்த்தை சொல்லு. இந்த வாரமே வந்துடும்."

அவள் என்னைப் பார்த்தாள். மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவளுக்கு நேரம் ஆனது.

"தெரியும்டீ."

"என்ன தெரியும்?"

"அட்டைய நீட்டறதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு சொல்லிச்சு. பச்சைன்னா ரொம்ப லேட்டாகும்னு. நீங்க ரெண்டு பேரும் டயரை உதைச்சுப் பாத்துட்டிருந்தீங்க."

"தெரிஞ்சேவா கேட்ட?"

அவள் சொன்னதைத் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். நடுநடுவே நிறுத்தினாள். நான் இங்கே சேர்த்து எழுதுகிறேன், அவ்வளவுதான்.

"வெள்ளைன்னா அது எனக்காக வாங்கின வண்டிடீ. வாசல்ல ஆஸ்பத்திரி வண்டி கணக்கா நிக்கும். நான் போனதுக்கப்புறம் அவரால அதைக் கண்ணால பாக்க முடியாது. வந்த விலைக்கு வித்துடுவாரு. அப்புறம் கடைசி வரைக்கும் கையில தூக்கிட்டே நடப்பாரு. பச்சைன்னா அவருக்கு உயிர். ரோட்ல பச்சையா ஒரு லாரி போனாக்கூட நின்னு பாப்பாரு, நீ கவனிச்சதில்ல. அது அவரோட வண்டியா இருக்கட்டும்."

"வண்டி வர்றதுக்குள்ள உனக்கு…"

"ம். அவர்கிட்ட சொல்லிடாத. சொன்னா நாளைக்கே வெள்ளையக் கொண்டாந்து நிறுத்திடுவாரு. என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். இந்தக் குடும்பத்தில் சத்தியத்துக்குப் பஞ்சமே இல்லை.

அழுதேன். 'அழுதேன்' என்பது சோம்பேறித்தனமான வாக்கியம், அடுத்தவர் எழுதியிருந்தால் நானே கேலி செய்வேன். இருந்துவிட்டுப் போகட்டும். அவர் அவளுக்காகப் பச்சையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அவள் அவருக்காகப் பச்சையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டிருக்கிறது. இதை அன்பு என்று எழுத எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

கரண்ட் வந்தது. மெஷின் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தது.

"நீ எழுதற கதையில வண்டி வந்துடுச்சா?" என்று கேட்டாள் அக்கா.

"இன்னும் இல்ல."

"வர வைடீ. ஆனா வாசல் கேட்டைத் தொறந்து விடறது யாருன்னு மட்டும் எழுதாத. அப்ப நான் இருக்கேனா இல்லையான்னு தெரிஞ்சுடும்."

6

முடிவு அ: பச்சை வண்டி வருகிறது. அக்கா மூக்குக் குழாயோடு வாசல்வரை நடந்து வந்து [ஷோரூமுக்குப் போய்வந்த பிறகு அவள் வாசல்வரை நடக்கவே இல்லை. அடித்துவிடவும்.]

முடிவு ஆ: பச்சை வண்டி வருகிறது. அறையில் கட்டில் இல்லை, மெஷினைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அத்தான் துளையிலிருந்து சாக்ஸை உருவி, துளையில்லாத புதுக் கண்ணாடி ஒன்றை வண்டியின் பின்னாலிருந்து இறக்கி

இந்த வரியில் இருந்தபோது அத்தான் உள்ளே வந்தார். காகிதத்தைக் கவிழ்த்துவைத்தேன்.

"என்ன, கதையா?"

"ம்."

"எதைப் பத்தி?"

"வண்டியைப் பத்தி."

"நல்லபடியா முடி" என்றார். கையுறையைக் கழற்றி, உள்ளங்கையின் பழைய வெட்டுக்காயத்தைத் தேய்த்துக்கொண்டே அக்காவின் அறைக்குப் போனார். அவர் கதை படிப்பதில்லை. நாலு வரி படித்தாலே தலையை வலிக்கிறதென்பார். நான் எழுதிய எதையும் அவர் இதுவரை புரட்டியதுகூட இல்லை. உள்ளே இருவரும் ஏதோ பேசுவது கேட்டது. 'வந்துடும், வந்துடும்' என்று அவர் சொல்வது மட்டும் தெளிவாகக் கேட்டது.

7

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

அவருக்குச் செய்த சத்தியத்தை உடைத்தாயிற்று, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவளுக்குச் செய்ததை இன்னும் உடைக்கவில்லை. உடைக்கத் தைரியமும் இல்லை, உடைக்காமல் இருக்கப் பொறுமையும் இல்லை. அவரிடம் சொல்லக்கூடாது என்றுதான் அவள் கேட்டாள். எழுதக்கூடாது என்று கேட்கவில்லை. இது திருட்டு வேலை என்று எனக்குத் தெரியும்.

அவரைக் கூப்பிட நம்பர் கேட்காதீர்கள். அது பழைய வேனின் பின்கதவில் இருந்தது, இப்போது வேறு யாருடைய தெருவிலோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் எங்கே ஜன்னல் உடைந்தாலும் அவரைப் போன்ற ஒருவர்தான் வர வேண்டும். உங்கள் தெருவில், பகல் நேரத்தில், தோளில் துணியோடு ஒன்றுமில்லாத எதையோ நேராகப் பிடித்து நடந்து வருபவரைப் பார்த்தால், அவராக இருக்கலாம்.

வெள்ளை வண்டி தயாராக நிற்பது அவருக்குத் தெரியும். பச்சையை அக்கா தனக்காகக் கேட்கவில்லை என்பதுதான் தெரியாது. சொன்னீர்கள் என்றால் இந்த வாரமே வயர் உள்ளே வரும், அவளுக்குக் கொஞ்ச காலம் கூடும், பிறகு ஒருநாள் அவர் அந்த வண்டியை விற்றுவிட்டு நடக்க ஆரம்பிப்பார். சொல்லாவிட்டால் அவள் கேட்டது கேட்டபடி நடக்கும். நான் யோசித்து யோசித்து ஓய்ந்துவிட்டேன். இனி உங்கள் பாடு.

ஒன்று மட்டும். சொல்வதென்று முடிவு செய்தால், கையிலிருக்கும் கண்ணாடியை முதலில் கீழே வைக்கச் சொல்லுங்கள்.