காதில் போடும் வழக்கம்

வெள்ளை அங்கி, தொப்பி, முகமூடி அணிந்து உள்ளே போனால் அந்த அறை மேகத்தின் உட்புறம் போலிருக்கும். நிழல் விழாது. எல்லோரும் வெறும் கண்களாக நடமாடுவார்கள். ஒரகடத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலையின் அந்த மேகத்துக்குள் சசிரேகா ஆறு வருடங்களாக ஆபரேட்டர். மண்ணூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வரும்போது பாதியில் விட்ட கனவு, உள்ளே வந்ததும் தொடர்வதாக அவளுக்குத் தோன்றும்.

அன்று அவளுக்குத் தேர்வு. நிரந்தர டெக்னீஷியன் வேலை, ஒரே இடம். கடைசிச் சுற்றில் அவளும், அவள் லைனில் தற்காலிக டெக்னீஷியனாக இருக்கும் டில்லிபாபுவும். இன்ஜினியர் ஜயஸ்ரீ ஓர் இயந்திரத்தில் வேண்டுமென்றே ஒரு கோளாறு வைத்திருந்தார். முதலில் சொல்பவருக்கு வேலை.

அந்த இயந்திரம் வேலை செய்யும் விதம் அழகானது. பாயசத்தில் ஸ்ட்ராவை விட்டு உறிஞ்சினால் ஒரு ஜவ்வரிசி நுனியில் ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சுவதை நிறுத்தினால் விழும். அதேதான். நாசில் எனப்படும் உறிஞ்சுமுனைகள் எட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் குழாய். கடுகைவிடச் சிறிய சில்லுகளை உறிஞ்சித் தூக்கி, சர்க்யூட் பலகையில் வைத்து, விட்டுவிடும். குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் சில்லு வழியிலேயே விழுந்துவிடும்.

அந்த லைனின் மனிதர்களும் ஒருவிதமாக இயங்குகிறார்கள். கோளாறு எங்கே என்று ஒரு பெண் நேரடியாகச் சொன்னால், “நீ டெக்னீஷியனா?” என்று கேட்பார்கள். ரிப்பேர் தாமதமாகும், டார்கெட் விழும், திட்டு எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கும். அதனால் பெண்கள் விடையை டெக்னீஷியன் காதில் மெல்லப் போட்டுவிட்டு வேறெங்கோ பார்ப்பார்கள். அவர் ‘கண்டுபிடிப்பார்’. லைன் ஓடும். ஆறு வருடங்கள் இப்படி ஓடினால், கண்டுபிடித்தது தான்தான் என்பதே சொன்னவளுக்கு மங்கிவிடும். ஏதோ குருட்டாம்போக்கில் தோன்றியது என்று நினைத்துக்கொள்வாள்.

இயந்திரம் ஓடியது. சில்லுகள் விழுந்தன. மூன்றாவது குழாயில் யாரோ தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் ஒரு சீறல் சசிரேகாவுக்குக் கேட்டது. அவள் தலை தானாக டில்லிபாபு பக்கம் திரும்பியது.

“அண்ணா, டியூபுல காத்து போற மாதிரி கீது.”

“மேடம், டியூப் லீக்!” என்றான் அவன்.

“வெரி குட்.” ஜயஸ்ரீ அவன் பெயருக்கு நேரே டிக் அடித்தார்.

சசிரேகாவின் காதில் அறையின் முணுமுணுப்பு தூரமாகப் போயிற்று. தன் வேலை தன் வாய் வழியாகவே வெளியேறிப் போவதை வேறொருத்திக்கு நடப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எட்டு டியூப் இருக்கே, எது?” என்றார் ஜயஸ்ரீ, எழுதிக்கொண்டே.

டில்லிபாபு குழாய்களைப் பார்த்தான். பிறகு, வழக்கம்போல, சசிரேகாவைப் பார்த்தான். அவள் சொல்லுவாள் என்று அந்தக் கண்கள் நிம்மதியாகக் காத்திருந்தன. அவள் கழுத்தும் அவன் பக்கம் பாதி திரும்பிவிட்டது. மீதியைத் திருப்பாமல் பிடித்து நிறுத்தினாள். அது சின்ன வேலையாக இல்லை.

“மூணாவது, மேடம்.” குரல் அவளுக்கே சத்தமாகக் கேட்டது. “லீக்குன்னு கண்டுபுடிச்சதும் நான்தான்.”

“அப்புறம் ஏன் அவர்கிட்ட சொன்னே?”

“பழக்கம் மேடம்.”

ஜயஸ்ரீயின் பேனா நின்றது. “கழட்டிக் காட்டு.”

சசிரேகா குழாயைக் கழற்றவில்லை. அதில் ஓட்டை இருந்த மடிப்பில் விரலை வைத்து அழுத்தினாள். சீறல் நின்றது. நாசில் ஒரு சில்லைத் தூக்கிக்கொண்டு பலகை வரை போய், மெத்தென்று வைத்தது. ஜயஸ்ரீ முதலில் போட்ட டிக்கின் மேல் கோடு கிழித்துவிட்டு, அடுத்த வரியில் சசிரேகாவின் பெயருக்கு நேரே புதிதாக ஒன்று போட்டார்.

“இன்னாம்மா, இத்தினி நாளு கூடவே இருந்துகினு இப்டி கவுத்துட்ட?” என்றான் டில்லிபாபு.

“கோச்சுக்காத ணா” என்று சொல்ல வாயெடுத்தாள். முகமூடிக்குள் உதடு அசையக்கூடச் செய்தது. சொல்லவில்லை. ஓட்டையை அழுத்திப் பிடித்தபடியே, “மேடம், புது டியூப் எடுத்துனு வரச் சொல்லுங்க” என்றாள்.