பதில் வரி

பட்டறையில் அவருக்குக் கேள்விக்காரர் என்று பெயர். வெல்டிங் வேலை. யார் எதைச் சொன்னாலும் "நீ பாத்தியா?" என்று கேட்டு ஆளை மடக்கிவிடுவார். கடவுள் பேச்சு வந்தால் சொல்லவே வேண்டாம். அதற்கும் காரணம் இருந்தது. சின்ன வயதில் தம்பி காய்ச்சலில் கிடந்தபோது வீடே விழுந்து விழுந்து வேண்டியது. இவரும் சாப்பிடாமல் கிடந்து வேண்டினார். தம்பி போய்விட்டான். "கடவுள் எடுத்துக்கிட்டார்" என்று வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். எடுத்துக்கொள்கிறவரோடு இனிமேல் பேச்சில்லை என்று இருந்தார். வருஷங்கள் போகப் போகக் கோபமும் ஆறியது. கோபித்துக்கொள்ள அங்கே யாருமே இல்லை என்று தோன்றிவிட்டது.

மனைவி வேறு மதத்துப் பெண், தையல்காரி. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அவள் எந்த வழிபாட்டுக் கூடத்துக்கும் போகவில்லை. "நான் ஒண்ணும் விடச் சொல்லல, அவளே விட்டுட்டா" என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

அந்த மனைவிக்குத்தான் பக்கவாதம் வந்தது. வலது கை தொங்கிப்போனது. பேச்சு சுத்தமாக நின்றது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அவர் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தபோது தெளிவாக ஒரு வரி சொன்னாள்.

"விடியுமுன் உன்னை நினைத்தேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா? என்ன சொன்னே?"

அதையே மறுபடி சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். எதற்கோ காத்திருக்கிறாள் என்று புரிந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் கண் கலங்கியது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பேச்சுப் பயிற்சி தர வந்த பெண் விளக்கினாள். "சின்ன வயசுல மனப்பாடம் பண்ணினது சில பேருக்கு இப்படித் தனியா வரும் சார். மத்தப் பேச்சு போனாலும் பாட்டு, பிரார்த்தனை எல்லாம் தங்கிடும். இது அவங்க காலைப் பிரார்த்தனை போல. ஒருத்தர் ஒரு வரி சொன்னா இன்னொருத்தர் அடுத்த வரி சொல்லணும். வீட்ல யாராவது பதில் சொன்னா நல்லது."

வீட்டில் யாருக்கும் தெரியாது. மகள் பக்கத்து ஊரில் தங்கி, பல்செட் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். எந்தச் சாமியையும் கும்பிடாமல் வளர்ந்தவள். அவரே அப்படி வளர்த்தார்.

மறுநாள் பட்டறைக்குப் போகும் வழியில் அந்த மதத்து வழிபாட்டுக் கூடத்தில் நுழைந்தார். நுழைந்த பிறகும் கால் கூசியது. கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டார். சில நாளில் பாதிப் பிரார்த்தனை மனப்பாடமாகிவிட்டது.

ஒரு நாள் வெளியே வரும்போது எதிரே மகள் நின்றாள். பட்டறையில் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

"என்னப்பா இது?"

"உங்கம்மாவுக்குப் பதில் சொல்லக் கத்துக்கறேன்."

"எனக்குக் காலேஜ் பரீட்சை வந்தப்ப ஒரே ஒரு தடவ வேண்டிக்கறேன்னு சொன்னேன். ஒரு மணி நேரம் லெக்சர் அடிச்சீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அம்மா இத்தன வருஷமும் உள்ளுக்குள்ள இதச் சொல்லிட்டேதான் இருந்திருக்காங்க. உங்களுக்குப் பயந்துதான் வெளிய சொல்லல."

"பயமுறுத்தலம்மா. ஆனா ஒரு தடவகூடக் கேக்கல. ஊரையெல்லாம் கேள்வி கேட்டேன், அவள மட்டும் கேக்கல."

மகள் பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை மனைவி முதல் வரியைச் சொன்னாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நினைக்குமுன் நீ என்னை அறிந்தாய்" என்றார். பொய் சாட்சி சொல்லப் போனவன்போல் இருந்தது அவருக்கு. அவள் முகம் மலர்ந்தது. அடுத்த வரிக்குப் போனாள். அவர் பதில் சொன்னார். தெரிந்தவரைக்கும் இப்படியே போய், தெரியாத இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். அவள் இடது கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பின் காலைதோறும் இது நடந்தது. ஒரு நாள் அவர் ஏதோ நினைவில் இரண்டு வரிகளை மாற்றிச் சொல்லிவிட்டார்.

"தப்பு" என்றாள் அவள்.

பிரார்த்தனையில் அப்படி ஒரு சொல் கிடையாது. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. உடனே மகளைப் போனில் கூப்பிட்டு, "உங்கம்மா பேசிட்டா! முதல் வார்த்தையே என்னத் திட்டினதுதான்!" என்று கத்தினார்.

அதற்குப் பிறகு பேச்சு துண்டு துண்டாகத் திரும்பியது. தண்ணி, வலி, மகளின் செல்லப் பெயர், "டிவிய நிறுத்து." பிரார்த்தனை இல்லாமலே காரியம் நடக்கத் தொடங்கியது. ஆனாலும் அவர் கூடத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. தம்பியை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று அங்கே மனதுக்குள் கேட்டுப் பார்த்ததுண்டு. பதில் வரவில்லை. வரும் என்றும் அவர் நினைக்கவில்லை. போனார், உட்கார்ந்தார், வந்தார்.

ஒரு மாலை மனைவி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, கேட்டாள். "நீங்க... நம்பறீங்களா?"

"இல்ல."

"அப்புறம்... ஏன் போறீங்க?"

அவர் யோசித்தார். "சொல்றப்ப யாரோ கேக்கற மாதிரி இருக்கு. யாரும் இல்லன்னும் தெரியுது. ரெண்டும் ஒண்ணா இருக்கு. என்ன பண்றதுன்னு தெரியல."

அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லையோ என்று அவர் பொறுத்திருந்தார்.

"எனக்கும்... அப்படித்தான். சின்னதுலேர்ந்து."

அவர் அவளையே பார்த்தார். அவள் முழுசாக நம்புகிறவள், தான் முழுசாக நம்பாதவன் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

"நாளைக்கு... நானும் வரேன்" என்றாள்.

"படி செங்குத்தா இருக்குமே."

"தூக்குங்க."

"நானா? என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்று சொல்லிக்கொண்டே மகளுக்குப் போன் போட்டார். நாளைக் காலையில் ஒரு கை பிடிக்க வரமுடியுமா என்று கேட்டார்.

"வாசல் வரைக்கும் வரேன்" என்றாள் மகள்.

"அது போதும்மா" என்றார் அவர்.