நட்டநடுவில் போட்ட நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று தம்பி போனில் சொன்னான். ஆறு வருஷம் கழித்து வருகிறவன். அதோடு நிறுத்தியிருந்தால் பெரியவர் நிம்மதியாக இருந்திருப்பார்.

"ஆனா ஒண்ணுண்ணே, அந்தப் பாட்டை மட்டும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பெரியவர் முப்பத்தெட்டு வருஷம் பஸ் டிப்போவில் இன்ஜின் மெக்கானிக். ஐந்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். யாரையும் லேசில் நம்பமாட்டார். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக்கூட இரண்டு கடையில் காட்டி விசாரித்த பிறகுதான் வாயில் போடுவார். தன் காதை மட்டும் நம்புவார். ஓடுகிற இன்ஜின்மேல் நீள ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, மறுமுனையைக் காதோரம் பிடித்தால் போதும், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் தம்பியை விரட்டியது.

தம்பி பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். நாலே நாலு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் நின்று முட்டுக்கொடுக்கிற சத்தம் அது. இருபது வருஷம் கல்யாணக் கச்சேரிகளில் பின்வரிசையில் நின்றவன், ஆறு வருஷத்துக்கு முன்னால் முதல்முதலாகத் தான் வாசித்த சி.டி. ஒன்றைக் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தான். பெரியவர் தன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. நீ எங்கடா இருக்க? உன்னைக் கூட்டிட்டுப் போய் அமுக்கி வச்சிட்டானுங்களா?"

மூலையில் தையல் மெஷின் முன்னால் இருந்த அவர் மனைவி, "எனக்குக் கேக்குதுங்க. லாரி ஒரே இடத்துல நின்னு உறுமுற மாதிரி" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். டீயைக் குடித்தான், போய்விட்டான். அப்புறம் போன் வரும், ஆள் வரமாட்டான்.

இப்போது 'அந்தப் பாட்டை மட்டும் போடாதீங்க' என்ற வார்த்தை பெரியவரைத் தூங்கவிடவில்லை. தப்பு ஸ்பீக்கரில்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டினார். இரண்டு பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றி ஸ்பீக்கர் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோய், பேஸ் கிட்டார் சத்தம் மட்டும் கேட்பதில்லை என்றார்.

கடைக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு, "பெட்டி கல்லு மாதிரி இருக்கு. ரூம் எத்தனை அடி?" என்றார்.

"பதினாலுக்குப் பதினாலு. நூல் பிடிச்ச சதுரம்."

"எங்க உக்காந்து கேப்பீங்க?"

"நட்டநடுவுல. டேப் வச்சு அளந்து போட்ட நாற்காலி."

தீராத வியாதிக்காரனைப் பார்ப்பதுபோல் கடைக்காரர் அவரைப் பார்த்தார். "கெட்டுது போங்க. அடிச்சத்தத்துக்கு அலை நீளம். எதிர்ச்சுவர்ல முட்டித் திரும்பி, தன் மேலயே வந்து விழும். சுவரோரத்துல, மூலையில எல்லாம் பொங்கும். நடுவுல செத்துப்போகும். இதுல சதுர ரூம்னா இன்னும் மோசம்."

"எத்தனை சாமான் என் தலையில கட்டப் போறீங்க?"

"ஒண்ணும் வேணாம், பெரியவரே. வீட்டுல துணி ஊறவைக்கிற டப்புல தண்ணி புடிச்சு ஆட்டிப் பாருங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க."

பெரியவர் நம்பவில்லை. நம்பாததால்தான் வீட்டுக்கு வந்ததும் டப்பில் தண்ணீர் பிடித்தார். மெதுவாக ஆட்டினார். இந்த ஓரம் ஏறினால் அந்த ஓரம் இறங்கியது. அந்த ஓரம் ஏறினால் இது இறங்கியது. நடுவில் மட்டும் தண்ணீர் மட்டம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"பேரன் எடுத்த வயசுல தண்ணி விளையாட்டு" என்றாள் மனைவி.

"வாயை மூடிட்டு என் நாற்காலியில வந்து உக்காரு."

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. உட்கார விட்டதில்லை என்பதே உண்மை. அவர் சி.டி.யைப் போட்டுவிட்டு, மூலையில் அவளுடைய தையல் முக்காலியில் போய் உட்கார்ந்தார். மூன்றாவது பாட்டு. உட்கார்ந்த இடத்தில் முக்காலியே அதிர்ந்தது. லாரிதான். ஒரே ஒரு சுரம் மற்றதையெல்லாம் மிதித்துக்கொண்டு உறுமியது.

அவள் அறையின் நடுவில் இருந்து சுற்றும்முற்றும் பார்த்தாள். "ஏங்க, உங்க தம்பியக் காணோமே."

பெரியவர் எழுந்துபோய்ப் பாட்டை நிறுத்தினார். "ஒரே பாட்டைத்தான் கேட்டோம்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

"அந்தப் புள்ள மூஞ்சிக்கு நேரா சிரிச்சோமே" என்றாள் அவள்.

வியாழக்கிழமை கடைக்காரரிடம் மறுபடி போய் நின்றார். அவருக்கு அது லேசான காரியமில்லை. எப்போதோ யார் பேச்சையோ கேட்டுச் எதிரொலி அடங்கும் என்று சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்ததைச் சொன்னார். "அது மேல்சத்தத்துக்கே அரைகுறை. அடிச்சத்தம் அதைச் சட்டையே பண்ணாது. நல்ல கனமா, மூலைக்கு மூலை தரையிலேருந்து கூரை வரைக்கும் அடைக்கணும்" என்றார் கடைக்காரர்.

முட்டை அட்டைகள் குப்பைக்குப் போயின. பரணில் கிடந்த பழைய பஞ்சு மெத்தைகள் இறங்கின. போதாததற்கு மனைவி பழைய போர்வைகளை அடைத்துத் தடிமனாக உறை தைத்தாள். நான்கு மூலையிலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை நிறுத்திக் கட்டினார்கள்.

"வர்றவங்க, குளிர்ல யாரோ நாலு பேர் போத்திட்டு நிக்கிறாங்கன்னு நினைப்பாங்க" என்றாள்.

"நினைக்கட்டும். டீ கேக்க மாட்டாங்கல்ல."

அடுத்தது நாற்காலி. பாட்டை ஓடவிட்டு, முட்டிவலியோடு தரையில் தவழ்ந்து தவழ்ந்து, அரை அடிக்கு ஒரு தரம் நிமிர்ந்து காது கொடுத்தார். நடுவுக்கும் பின்சுவருக்கும் இடையில் ஓரிடத்தில் சட்டென்று நின்றார். அங்கே லாரியும் இல்லை, வெறுமையும் இல்லை. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, ஒழுங்காகக் கால் வைத்து நடந்தது. பாடுகிறவள் ஒரு இடத்தில் மூச்சு வாங்கினாள். அடியில் ஒருத்தன் மெல்ல இறங்கிப்போய் அவள் வரும்வரை காத்து நின்றான்.

பெரியவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்த பிறகும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வந்தான். தலை நரைத்திருந்தது. மூலைகளைப் பார்த்தான். அட்டை உரித்தெடுத்த சுவரைப் பார்த்தான். இடம் மாறியிருந்த நாற்காலியைப் பார்த்தான்.

"என்னண்ணி, வீட்டைக் காலி பண்றீங்களா?"

"உங்க அண்ணனைக் கேளுங்க."

தம்பியின் முகம் இறுகியது. "அண்ணே, போட வேணாம்னு சொன்னேன்ல."

"போடல. ஒண்ணு கேக்கணும். மூணாவது பாட்டுல, அவ மூச்சு வாங்குற எடத்துல, நீ கீழ இறங்கிப் போய் ஏன் நிக்கிற?"

தம்பி நின்றவன் நின்றபடியே இருந்தான். "அந்த எடம் அவங்களுக்கு மூச்சு பத்தாது. நான் கொஞ்சம் இழுத்துக் குடுத்தேன். அவசரமில்லாம வரட்டும்னு." பிறகு மெதுவாக, "யாரும் கவனிச்சதில்ல" என்றான்.

"ஆறு வருஷமா நான் உக்காந்த எடம் தப்புடா" என்றார் பெரியவர். "உன் அண்ணி உக்காந்ததும் தப்பு. நீ சரியாத்தான் வாசிச்சிருக்க. காது இருக்குன்னு பேசிட்டேன்."

இதற்குமேல் அவருக்குச் சொல்ல வராது. அது தம்பிக்குத் தெரியும். அண்ணியின் கையிலிருந்த டீயை வாங்கி ஜன்னல் மேடையில் வைத்தான். தானே போய் மூன்றாவது பாட்டைப் போட்டான். பிறகு அண்ணன் தோளை அழுத்தி அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பின்னால் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் முன்னால வரணும்ண்ணே."

"எவ்வளவு?" என்று பெரியவர் எழப் பார்த்தார்.

"எழுந்திரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, தம்பி குனிந்து நாற்காலியின் பின்கால்களைப் பிடித்தான். அண்ணனோடு சேர்த்தே அதை ஒரு சாண் தூரம் முன்னால் நகர்த்தினான்.