கோல் வாசல் புல்

கோல் கம்பத்தில் மூத்திர நாற்றம் அடித்தது. குனிந்து மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நாலடி தள்ளி நின்ற விராத்மோவின் மூக்கையே துளைத்தது. மாவட்ட இறுதி ஆட்டம் நடக்கிற அன்றைக்கு, உள்ளூர் அணிப் பையன்கள் விடிகாலையிலேயே வந்து இரண்டு கம்பத்திலும் ஒன்றுக்கு அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பந்து உள்ளே வராதாம். சே! கெடுங்சாரி கால்பந்துச் சங்கத்தின் செயலாளரான அவர் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி வந்து, தன் கையாலேயே கம்பத்தைக் கழுவினார்.

பதினேழு வருஷம் இதே கம்பங்களுக்கு நடுவில் நின்ற மனுஷன். அந்தக் காலத்தில் கோல் வாசலில் புல் என்ற பேச்சே கிடையாது. சரளைக்கல், சோடா பாட்டில் சில்லு, வெயிலில் செங்கல்லாக இறுகிய மண், அவ்வளவுதான். பாய்ந்து விழுகிற ஒவ்வொரு தடவையும் இடுப்புத் தோல் உரியும். ராத்திரி போர்வை புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் மனைவி தர்மி வெந்நீர் விட்டு, திட்டிக்கொண்டே பிய்த்தெடுப்பாள். கை விரல்கள் இன்றைக்கும் ஆளுக்கொரு திசை பார்க்கும். ஆட்டத்தை விட்டதும் அவர் சங்கத்து நாற்காலிக்கு வந்தது ஒரே ஓர் ஆசையில்தான். இனி வருகிறவனாவது புல்லில் விழட்டும்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் பார்க்காத கண்றாவி இல்லை. நடுவர் வீட்டுக்கு வாத்து அனுப்புகிறவன், மீசை முளைத்தவனைப் பதினாலு வயசு என்று சாதிக்கிறவன், எதிரணிக்குக் கெட்டுப்போன சோற்றுப் பொட்டலம் கொடுக்கச் சொல்கிறவன். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். இந்த மழைக்காலத்தில்தான் இரண்டு கோல் வாசலிலும் புல் பிடித்தது. பச்சைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார்.

சங்கத் தலைவர் ஹார்ஜோனோ, தேக்குமர வியாபாரி, கிராம்புச் சிகரெட் புகையோடு வந்து தோளில் கை போட்டு, ஐயா என்பதற்கு அந்த ஊரில் சொல்கிற ‘பாக்’ சேர்த்துக் கூப்பிட்டார்.

“பாக் விராத்மோ, இடைவேளைய கொஞ்சம் இழுத்துப் பிடிங்க.”

“எதுக்கு?”

“சர்ப்பின் பெரியவர் நேத்து வந்து வடக்கு கோல்ல ஒண்ணு புதைச்சிருக்காரு. கோல் வாயைக் கட்டிடும்.” சர்ப்பின் என்ற அந்த மந்திரவாதியின் பெயரைச் சொல்லும்போதே தலைவரின் குரல் தணிந்தது.

விராத்மோவுக்கு எரிச்சலிலும் சிரிப்பு வந்தது. “பாதி ஆட்டத்துல பக்கம் மாறுவாங்களே தலைவரே. அப்ப அது எதிராளி கோலையில்ல காவல் காக்கும்?”

“அட, அது தெரியாதா எங்களுக்கு? போன வருஷம் அப்படித்தானே கோட்டை விட்டோம்! அதுக்குத்தான் இந்தத் தடவ இடைவேளையில தோண்டி எடுத்துத் தெக்கு கோல்ல புதைக்கணும். நேரம் வேணும்ல?”

“விளையாடறீங்களா? அவசரத்துல தோண்டி மூடின மண்ணு இறுகாது. மேல புல்லு இருக்கும், கீழ பொதபொதன்னு இருக்கும். எகிறிப் பந்தப் பிடிச்சுட்டு அதுல கால ஊன்றவன் கதி என்ன? கணுக்கால் போயிடும்!”

“சரி, சரி. வேணாம்னா விட்டுடுவோம். கோவிச்சுக்காதீங்க” என்றார் தலைவர். விராத்மோவும் நம்பித் தொலைத்தார். வடக்கு கோலுக்கு ஓடி, பெயர்த்து வைத்திருந்த புல்லைத் தன்னால் முடிந்த மட்டும் மிதித்து இறுக்கினார். புதைத்ததைத் தோண்டி எடுக்க நேரமில்லை. இரண்டு அணிகளும் இறங்கிவிட்டன.

முதல் பாதியில் உள்ளூர் அணி ஒரு கோல் போட்டது. கோல்கீப்பர் பகாஸ் இரண்டு தடவை உடம்பை நீட்டிப் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டு, சிராய்ப்பில்லாமல் எழுந்தான். விராத்மோவுக்குக் கண் கலங்கியது. இடைவேளையில், எதிரணி அறை வாசலில் யாரோ கோழி ரத்தம் தெளித்துவிட்டார்கள் என்று ஒரே ரகளை. சமாதானம் செய்யப் போனவர் திரும்பி வருவதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. தன்னை அந்தப் பக்கம் இழுப்பதற்குத்தான் அந்த ரத்தம் என்பது, தெற்கு கோல் வாசலில் சிதறிக் கிடந்த ஈரச் செம்மண்ணைப் பார்த்ததும்தான் உறைத்தது.

“நிறுத்துங்க! ஆட்டத்த நிறுத்துங்க!” கத்திக்கொண்டே ஓடினார். யார் காதில் விழும்? மூலையிலிருந்து பந்து உயர்ந்து வந்தது. பகாஸ் எல்லார் தலைக்கும் மேலே எகிறிப் பிடித்தான். அழகான பிடி. வலது காலை ஊன்றினான். பொத்தென்று கால் உள்ளே போனது. அவன் போட்ட அலறல் அரங்கத்தின் கடைசிப் படிவரை கேட்டது. பாதம் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு போனதும், விராத்மோ மண்டியிட்டு இரண்டு கையாலும் அந்த இடத்தைத் தோண்டினார். பிணத்துக்குச் சுற்றுகிற வெள்ளைத் துணியில் ஒரு மூட்டை. பிரித்தால் கோழிக் குடல், துருப்பிடித்த ஆணி, அழுகிய முட்டை. புழு நெளிந்தது. இதற்காகவா? இந்தக் குப்பைக்காகவா ஒருத்தன் கால் போனது? த்தூ! அப்படியே ஏந்திக்கொண்டு படியேறி, தலைவரின் நிலக்கடலைத் தட்டில் வைத்தார்.

ஹார்ஜோனோ மூக்கைப் பொத்தினார். “ஐயோ, ஏன் எடுத்தீங்க? இப்பதானே பலி வாங்கிச்சு! இனிமே கோலே விழுந்திருக்காது!”

“நீயெல்லாம் மனுஷனாய்யா?”

ஆனால் சுற்றி நின்ற கூட்டம் தலைவரை ஏசவில்லை. “எதிராளிகிட்ட காசு வாங்கிட்டான் கிழவன்! எடுத்ததத் திரும்ப வைடா!” என்று இவர்மேல்தான் பாய்ந்தது. தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்து வந்து அவர் முதுகில் பட்டது.

அவர் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் இறங்கி, ஆம்புலன்ஸுக்குப் போனார். பகாஸ் வியர்வையில் நனைந்து கிடந்தான்.

“பாக், அத எடுத்துட்டீங்களாமே?”

“எடுத்துட்டேன்டா. உன் கால முறிச்ச சனியன் அது.”

“கெடுத்தீங்களே பாக்! நான்தான் இடம் காட்டினேன். சரியா நான் நிக்கிற இடத்துல வைங்கன்னு.”

“புல்லு போட்டுக் குடுத்தேனேடா” என்றார் விராத்மோ.

“புல்லு பந்தத் தடுக்குமா? உங்களுக்கு இருந்தது எனக்கும் வேணும்னேன். உங்க காலத்துல இங்க எருமைத் தலையே புதைச்சிருந்தாங்களாம்ல? அதான் பதினேழு வருஷம் உங்களத் தாண்டி ஒருத்தனும் பந்த அடிக்க முடியலன்னு ஊரே சொல்லுது. எங்கம்மாகூடச் சொல்லுவாங்க.” அவன் வலியோடு தலையைத் தூக்கிப் பார்த்தான். “ஏன் பாக், இல்லையா?”

உரிந்த தோலும் கோணிய விரலும் எல்லாமே ஒரு செத்த எருமையின் பேரில் போய்ச் சேர்ந்துவிட்டன. இந்த ஊர் இத்தனை வருஷம் தெருவில் பார்த்துக் கும்பிட்டது தன்னை அல்ல என்பது அவருக்குப் புரிந்தது. புழு நெளிந்த குடலைக் கையில் ஏந்தியபோது வராத குமட்டல் அப்போது வந்தது. ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வாந்தி எடுத்தார்.