கழுத்துக்குக் கீழே

மாணிக்கம் வந்ததும் வராததுமாகக் கையிலிருந்த துண்டை மேசை மேல் பிரித்துப் போட்டார். உள்ளே ஒரு பீங்கான் கல். அவர் மனைவி செல்லக்கண்ணுவின் அஸ்தி மாடத்தை மூடியிருந்த கல் அது. ஏழு மாதத்துக்கு முன்னால் ஜாலான் புசார் ரோட்டில் இருக்கும் இதே கடையில்தான் செய்து வாங்கிப் போனார். அரக்குக் கலர் பட்டு, கழுத்தில் காசுமாலை, நாலு மூலையிலும் மல்லிகைக் கொடி என்று கல்லில் செல்லக்கண்ணு ஜம்மென்று இருந்தாள்.

"இதப் பாத்துட்டியா? இப்ப இதப் பாரு" என்று போனைக் கடையில் வேலை பார்க்கும் நிரஞ்சனாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். போனில் வேறொரு கல், வேறொரு அம்மாள். "எங்க ஆளுக்குப் பக்கத்து மாடம். போன வாரந்தான் வச்சிருக்காங்க. அதே புடவை, அதே மாலை, அதே மடிப்பு! கலர மட்டும் பச்சையாக்கிட்டா எனக்குத் தெரியாதா? எம்மருமக எல்லார் முன்னாலயும் கேக்குறா, ரெண்டு பேரும் ஒரே கடையில சேல எடுத்தாங்களா மாமான்னு. மானம் போச்சு லா! ஆபீஸ்ல எழுதிக் குடுத்துக் கல்லயே கழட்டிக்கிட்டு வந்துட்டேன். எங்க உங்க பாஸ்?"

முதலாளி ஷங்கர் ஜூரோங்குக்குப் போயிருந்தார், வெள்ளைக் கல் எடுத்து வர. நிரஞ்சனா மாணிக்கத்தை உட்காரச் சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இரண்டு செத்தவர்கள் ஒரே புடவையில் அக்கம்பக்கம் குடியிருப்பதை நினைத்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

இந்தக் கடைக்கு அவள் வந்து ஆறு வருஷம். கல்லறைக்கும் அஸ்தி மாடத்துக்கும் பீங்கான் கல் செய்வதுதான் தொழில். முன்னறையில் கம்ப்யூட்டரில் படத்தைச் சரிசெய்வது ஷங்கர். அதைத் தனித் தாளில் அச்சடித்து, தண்ணீரில் ஊறவைத்து, வழுக்கி எடுத்துக் கல்லில் ஒட்டி, பூவும் கொடியும் கையால் வரைந்து, சூளையில் எண்ணூறு டிகிரியில் சுட்டு எடுப்பது பின்னறையில் நிரஞ்சனா. கை வேலை அவளுக்குப் பிடிக்கும். வருகிற ஆட்களைத்தான் பிடிக்காது. ஆயுசு முழுக்கக் குடும்பத்தை அடித்துத் துவைத்த அப்பனுக்குப் புன்னகை வைக்கச் சொல்வான் ஒருத்தன். அம்மா முகத்திலிருந்த மருவை எடு, நிறத்தைக் கூட்டு என்பாள் ஒருத்தி. பின்னால் எங்கள் காண்டோ வீடு தெரியட்டும் என்று ஒரு குடும்பமே கூடி நின்று கேட்டது. த்தூ, இதுகளும் ஒரு பிள்ளைகளா என்று மனசுக்குள் காறித் துப்பிவிட்டு, கேட்டதைக் கேட்டபடி ஒட்டிச் சுட்டுக் கொடுத்துவிடுவாள். அவளுக்கென்ன வந்தது?

"எதுக்கும் பெருசு பண்ணிப் பாக்கறேன் அங்கிள்" என்று போனை வாங்கி இரண்டு விரலால் விரித்தாள்.

இடது தோளில், மடிப்புக்கு மேலே, ஒரு ஊக்கு துருத்திக்கொண்டிருந்தது.

பட்டுப்புடவைக்கு யாராவது வெளியே தெரிகிற மாதிரி ஊக்குக் குத்துவார்களா? குத்தினார்கள். அவளுக்குத்தான் குத்தினார்கள். பதினோரு வருஷத்துக்கு முன், அவள் கல்யாண மண்டபத்தில் தோள் புரோச் தொலைந்து போய், போட்டோகிராபர் அவசரப்படுத்த, தங்கச்சி வித்யா தன் பையைக் கவிழ்த்துக் கொட்டி ஒரு ஊக்கை எடுத்துச் சதக்கென்று குத்திவிட்டாள். நிரஞ்சனா காசுமாலையைப் பார்த்தாள். மூன்றாவது காசு புரண்டு கிடந்தது. மாலை அவள் அம்மாவுடையது, அந்தக் காசு எப்போதும் புரண்டுதான் கிடக்கும்.

மேசை மேல் கிடந்த கல்லைப் பார்த்தாள். அதிலும் ஊக்கு, அதிலும் புரண்ட காசு. செல்லக்கண்ணுவின் முகத்துக்குக் கீழே நிரஞ்சனாவின் கழுத்து, நிரஞ்சனாவின் தோள், நிரஞ்சனாவின் மார்பு. இந்தக் கல்லை ஒட்டியதும் அவள்தான், சுட்டதும் அவள்தான். முகம் கோணாமல் வருகிறதா என்று மட்டும் பார்ப்பாள். கழுத்துக்குக் கீழே யாருடைய உடம்பு என்று அவள் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

 பின்னறைக்கு ஓடி, கல் கழுவும் தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். 

ஷங்கர் வர அரைமணி ஆனது. அதுவரை மாணிக்கம் தேத்தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டு வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷங்கர் கல் பெட்டியை இறக்கி வைத்ததும், நிரஞ்சனா கேட்டாள்: "பாஸ், அங்கிள் பொண்டாட்டிக்கு யார் உடம்ப வச்சீங்க?"

"என்ன உடம்பு?"

"ஊக்குக் குத்துன உடம்பு."

 ஷங்கர் மாணிக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏய், மெதுவா லா. கஸ்டமர் இருக்காரு."

வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் அவள்தான் அந்தப் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தாள். விவாகரத்து முடிந்திருந்த நேரம். பட்டுப்புடவையில் அவள் நன்றாக இருந்த ஒரே படம் அது. பக்கத்தில் கோட்டு சூட்டோடு புருஷன் ஜெய் நின்றான். நாலு வருஷம் அவள் பட்டதெல்லாம் இங்கே வேண்டாம், அவன் ஒரு நாய். இந்த ஆளை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுங்கள் பாஸ் என்று கேட்டாள். ஷங்கரும் சுத்தமாக வெட்டிக் கொடுத்தார். அவள் படம் இன்றைக்கும் வீட்டில் மாட்டியிருக்கிறது.

"அதக் காப்பி பண்ணி வச்சுக்கிட்டீங்களா?"

"நிரஞ்சனா, கேளு. பாதிப் பேரு என்ன போட்டோ கொண்டு வர்றாங்க? ஐசி கார்டு போட்டோ, டி-ஷர்ட், ஆஸ்பத்திரி டிரெஸ். எல்லாருக்கும் பட்டு வேணும். நான் எங்க போவேன்? ஒன்னோடது ஷார்ப்பா இருந்துச்சு, தோள் நேரா இருந்துச்சு. மொகம்தானே முக்கியம்? கழுத்துக்குக் கீழ எவன் பாக்குறான், நீயே பாக்கல!"

அது சுருக்கென்று தைத்தது. அவள் அவரைத் தள்ளிவிட்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். உடம்புகளுக்கென்று தனியாக ஒரு ஃபோல்டர் இருந்தது. 'லேடி சில்க் ஒன்று' என்ற பெயரில் தலையில்லாமல் அவள் இருந்தாள், கழுத்தில் வழவழவென்று வெட்டிய கோட்டோடு. பக்கத்தில் எத்தனை கல்லுக்குப் போயிருக்கிறாள் என்று கணக்கு: அறுபத்து மூன்று.

அறுபத்து மூன்று பேர் அவளைப் போட்டுக்கொண்டு கிடக்கிறார்கள். அறுபத்து மூன்று வீட்டு மகன்களும் மருமகன்களும் பேரன்களும் அவள் மார்புக்கு மாலை போட்டு, ஊதுபத்தி காட்டி, ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். அவள் ரவிக்கைக்குள் கையை விட்டது போல உடம்பெல்லாம் கூசியது.

அதற்கு அடுத்த படம் 'ஜென்ட்ஸ் கோட் ஒன்று'. அவளுக்கு நன்றாகத் தெரிந்த உடம்பு. கல்லில் ஒட்டும்போது இதுதான் அழகாக உட்காரும், தோள் நல்ல அகலம் பாஸ், என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கோட்டுப் பையில் சிவப்பு ரோஜா. ரோஜாவின் காம்பில் ஜிகினா நாடா. அந்த நாடாவைச் சுற்றியதும் வித்யாதான்.

"இது யாரு?" என்று கேட்டாள். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

ஷங்கர் தலையைச் சொறிந்தார். "வெட்டுனதத் தூக்கிப் போட மனசு வரல."

ஒட்டின படத்துக்கு அடியில் காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. நின்றால் சூளையில் வெடித்துப் படம் பொரிந்துவிடும். அதனால் ஈரக் கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவித் தடவி நீவி விடவேண்டும். அவன் நெஞ்சை அப்படி எத்தனை நாள் நீவினாள்! எவனைத் தொடக் கூடாது என்று கோர்ட்டு வரைக்கும் போனாளோ, அவனைச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆறு வருஷம் தடவிக் கொடுத்திருக்கிறாள். நிரஞ்சனா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். வெட்டி எறியலாம் போல இருந்தது.

"இங்க 'பேர்' பத்தொன்பதுன்னு போட்டிருக்கே, அது என்ன?"

"ஜோடிக் கல்லு. ரெண்டும் ஒரே நேரத்துல எடுத்தது பாரு, லைட்டு ஒரே பக்கத்துலேருந்து விழுது. மேட்ச் ஆகும்..." சொல்லும்போதே தப்பு என்று உறைத்துவிட்டது போலிருக்கிறது, ஷங்கர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சீ!" என்று கத்திவிட்டாள் நிரஞ்சனா. "அவன்கூட வாழ முடியாதுன்னு உயிரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடி வந்தேன். பத்தொம்பது எடத்துல சேத்து வச்சிருக்கீங்க! நீங்கள்லாம் மனுசனா?"

வாசலில் நாற்காலி தேய்கிற சத்தம். மாணிக்கம் எழுந்து வந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்துவிட்டது. கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் தோளைப் பார்த்தார். முகம் அஷ்டகோணலானது.

"இது நீயா?"

"ஆமா அங்கிள். கழுத்துக்குக் கீழ நான்."

"புருசன விட்டுட்டு வந்தவளா நீ?"

"ஆமா."

"அய்யய்யே!" மாணிக்கம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், எதையோ தொட்டுவிட்டது போல. "நாப்பத்தாறு வருசம் சுமங்கலியா இருந்து செத்தவ. அவ தலையக் கொண்டுபோய் வாழாம வந்தவ உடம்புலயா ஒட்டுவீங்க? ஞாயித்துக்கிழம தவறாம சந்தனம் வச்சேனே! தலை முழுகணும் நான்!"

 திருட்டுக் கொடுத்தவள் அவள், அருவருத்துக்கொள்கிறவர் இவர். உடம்பு அவளுடையது, தீட்டுப் பட்டது அவருக்காம். இப்படியும் ஒரு பிறவியா?

"ஆன்ட்டியோட சொந்தப் போட்டோ எங்க அங்கிள்?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நீங்க மொதல்ல கொண்டு வந்தது."

அவர் முனகினார். ஷங்கர்தான் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினார். எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனில், மஞ்சள் பட்டை போட்ட துப்புரவு கம்பெனிச் சட்டையில், மாப் வண்டியைப் பிடித்துக்கொண்டு செல்லக்கண்ணு சிரித்துக்கொண்டிருந்தாள். சட்டையில் பெயர் அட்டை. சிரிப்பு அப்படி ஒரு சிரிப்பு, ஈறு தெரிய.

"இதையே வச்சு நாளைக்கே சுட்டுத் தர்றேன். நல்லா இருக்காங்க."

"விளையாடுறியா? மாப்போடயா?" மாணிக்கம் பதறிப் போனார். "எங்க சனம் வந்து நிக்கிற எடம். என் மருமக குடும்பம் வரும். கிளீனர் பொண்டாட்டின்னு கல்லுலயே எழுதி வைக்கச் சொல்றியா?"

"கிளீனராத்தானே இருந்தாங்க? அந்தச் சட்டைதானே அங்கிள் உங்க வீட்டுல அடுப்பு எரிய வச்சுது?"

 அவர் சுவரில் சாய்ந்தார். போனில் இருந்த பச்சைப் புடவையைப் பார்த்தார், மாப் வண்டியைப் பார்த்தார், கடைசியில் மேசை மேல் கிடந்த கல்லைப் பார்த்தார். பிறகு ஷங்கரின் பக்கமாகத் திரும்பி, அவள் அங்கே இல்லாதது போலச் சொன்னார்: "சரி விடு தம்பி. வெளிய தெரியவா போவுது. இதே இருக்கட்டும். பக்கத்து மாடத்துக்காரங்களோடத மட்டும் மாத்திக் குடுத்துடு. எங்களுக்கு இந்தப் பட்டே போதும்."

ஷங்கரின் முகம் மலர்ந்தது. "டன் அங்கிள்."

டன்னாம்! இரண்டு பேரும் அவள் உடம்பை வைத்துப் பேரம் முடித்துக் கைகுலுக்காத குறை. வாழாவெட்டி என்று மூஞ்சியைச் சுளித்தவருக்கு அதே உடம்பு இப்போது போதுமாம். மாப்பைவிட அவள் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

நிரஞ்சனா கல்லைத் தூக்கினாள். துண்டில் சுற்றித் தரப் போகிறாள் என்று நினைத்து மாணிக்கம் ஒதுங்கி வழிவிட்டார். அவள் பின்னறைக்குப் போய், கல் வெட்டும் மெஷினைத் தட்டினாள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு சக்கரம் சுற்றியது. கல்லைப் பலகையில் படுக்க வைத்து, செல்லக்கண்ணுவின் முகவாய்க்குக் கீழே, காசுமாலை தொடங்கும் இடத்தில் கோட்டை நேர் பார்த்துத் தள்ளினாள்.

கிறீச்சென்ற சத்தத்தில் இரண்டு பேரும் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது.

"அடிப்பாவி! கழுத்த அறுத்துட்டியே!" மாணிக்கம் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் அறுக்கல அங்கிள். ஒட்டி வச்சிருந்தீங்க, பிரிச்சேன்." மேல் பாதியைக் கழுவி, பாலாக வடிந்த தூளைத் துணியால் துடைத்து, அவர் கையில் வைத்தாள். "உங்க பொண்டாட்டி உங்களுக்கு. மிச்சம் என்னோடது."

அவர் அந்தத் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அவளுக்கே ஒரு நொடி பாவமாகத்தான் இருந்தது. அப்போது அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஷங்கரிடம் கேட்டார்: "தம்பி, வேற பட்டு இருக்கா?"

"இருக்கு அங்கிள், பயப்படாதீங்க, நீலக் கலர்ல ஒண்ணு—"

"அது எவ உடம்பு?" என்றாள் நிரஞ்சனா.

ஷங்கர் கேட்காதது போலத் திரும்பினார். "நிரஞ்சனா, நீ இன்னிக்கு வீட்டுக்குப் போ. டென்ஷன்ல இருக்க. நாளைக்குப் பேசிக்கலாம்."

அலமாரியில் சாயங்காலம் டெலிவரிக்குப் போக வேண்டிய ஜோடிக் கல் ஒன்று பஞ்சில் நின்றது. யாரோ ஒரு வயதான தம்பதி. கோட்டுப் பையில் ரோஜா, தோளில் ஊக்கு. நிரஞ்சனா அதை இறக்கிப் பலகையில் வைத்தாள். மெஷின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"ஏய்! ஏய், அது அர்ஜன்ட் ஆர்டர்!"

"மீதி அறுபத்திரண்டும் எங்கெங்க இருக்குன்னு லிஸ்ட் எடுங்க பாஸ். பேரு, போன் நம்பர், மாட நம்பர். அந்த நீலப் புடவைக்காரி யாருன்னும் எழுதுங்க." கல்லை ஒரு விரல் அளவு முன்னால் நகர்த்தினாள். தண்ணீர் தெறித்து அவள் முகமெல்லாம் நனைந்தது. "நான் சும்மா சொல்லல."

ஷங்கர் கம்ப்யூட்டருக்கு ஓடினார். முன்னறையில் பிரிண்டர் உறுமிக்கொண்டு முதல் தாளை வெளியே தள்ளியது.