ஞாயிற்றுக்கிழமைப் பூசணி

ஒரு வாரமாக மருமகள் "மாமா, ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பதும், "ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க" என்று முடிப்பதுமாக இருந்தாள். அந்த ஒண்ணுமில்லாத விஷயம் என்னவென்று லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியாமல் இல்லை. மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே என்ன பழுது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்கிற மனிதர் அவர். கைபேசி சிணுங்கினால் அவள் பால்கனிக்குப் போகிறாள். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு இன்னும் முழுசாக அணைந்திருக்காது. இதற்கு ஜோசியமா பார்க்க வேண்டும்?

மகன் ஒரு காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. மனைவி அதற்கும் முன்பே போய்விட்டாள். வீட்டில் மிஞ்சியது மாமனாரும் மருமகளும்தான். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். இவர் இன்னும் லிஃப்ட்டுகளோடு மல்லுக்கட்டுகிறார். அவளுக்கு வயது இருக்கிறது, வாழ்க்கை இருக்கிறது, போகட்டும் என்று அவர் மனசார நினைத்ததுண்டு. "தாராளமா போம்மா, நல்லா இரு" என்று குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கூடப் பழகிவிட்டார். கண்ணாடியிடம் சொல்ல வந்தது. அவளிடம் சொல்லத்தான் வரவில்லை. அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் அவரை ஏன் என்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் துணிந்துவிட்டாள்.

"மாமா, இன்னைக்கு வெளியே சாப்பிடலாம். ஜப்பான் சாப்பாடு."

"பச்சை மீனு தின்ன நான் என்ன கொக்கா?"

"அதெல்லாம் பெரிய ஓட்டல்ல. இது அவங்க வீட்டுல சாப்பிடற சாப்பாடு. சோறு, சூப், முட்டை, காய். சட்டையை மாத்துங்க."

சட்டையை மாத்துங்க என்றபோதே அவருக்குப் பாதி உறுதியாகிவிட்டது. வெறும் சாப்பாட்டுக்கு யார் இஸ்திரி போட்ட சட்டை கேட்கிறார்கள்?

செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்த இடம். பகலில் காபிக் கடை, விளக்கு ஏற்றியதும் சாப்பாடும் மதுவும். ஒரு நீளமான மரப்பலகை, அதற்கு முன்னால் உயரமான நாற்காலிகள், மூலையில் இரண்டு மேஜை. சுவர் அலமாரியில் கோப்பைகள் ஒன்றைப் போல் ஒன்று இல்லாமல், பல வீடுகளிலிருந்து வந்து கூடியவை போல நின்றன. மெக்கானிக் உள்ளே நுழையுமுன் கதவை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். கீல் முனகவில்லை. எண்ணெய் போடுகிறவன்தான் என்று மனசுக்குள் ஒரு மதிப்பெண் போட்டார்.

பலகைக்குப் பின்னால் சமையல்காரன் நின்றான். கடைக்கும் அவன்தான் சொந்தக்காரன். நிலையில் தலை இடிக்கும் உயரம், தலையில் கட்டிய துணி. மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு நெட்டையன் என்று பேர் வைத்துவிட்டார்.

"வாங்க ஐயா. இங்கேயே உட்காருங்க, அடுப்பு பக்கம் கதகதப்பா இருக்கும்."

"தமிழ் நல்லா பேசறீங்களே?"

"அப்பா தமிழ், அம்மா ஜப்பான். சமையல் மட்டும் அம்மா பக்கம்." அவன் சிரித்தான். மருமகள் சிரிக்காமல் இருப்பதற்குப் பெரும்பாடு பட்டாள்.

மெக்கானிக்குக்கு முன்னால் சாப்பிடும் குச்சிகளை வைத்தான். சொல்லாமலே பக்கத்தில் ஒரு கரண்டியையும் வைத்தான். பிறகு ஒரு சின்ன ஜாடியும் கட்டைவிரல் உயரக் கிண்ணமும் வந்தன.

"சாக்கேன்னு அரிசி மது, ஐயா. சூடா இருக்கு, மெதுவா."

மருமகளோடு உட்கார்ந்து குடிப்பதா? மெக்கானிக்குக்குக் காது சிவந்தது. ஆனால் அவள் தனக்கு பிளம் பழ மதுவில் சோடா ஊற்றி வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல ஒரு வாய் குடித்தாள். சரிதான், நாம் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும் என்று அவர் ஜாடியை எடுத்துத் தன் கிண்ணத்தில் ஊற்றப் போனார்.

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றான் நெட்டையன். "இங்க ஒரு வழக்கம். அவங்கவங்க கிண்ணத்துல அவங்களே ஊத்திக்கக் கூடாது. கூட இருக்கறவங்கதான் ஊத்தணும்."

"அப்போ தனியா வர்றவன் என்ன பண்ணுவான்?"

சும்மா கேட்டதுதான். ஆனால் கேட்ட பிறகு அந்தக் கேள்வி அங்கேயே நின்றது. மருமகள் ஜாடியை வாங்கி அவருக்கு ஊற்றினாள்.

"தனியா வந்தா கடைக்காரன் ஊத்துவான் ஐயா," என்றான் அவன். "அதுக்குத்தானே கடை."

சாப்பாடு ஒவ்வொன்றாக வந்தது. புளிக்கவைத்த சோயா விழுதைக் கரைத்த சூப், அதைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்கலாமாம். ஏடு ஏடாகச் சுருட்டி வெட்டிய முட்டை, லேசான இனிப்போடு. உப்பு மட்டும் தடவிச் சுட்ட மீன், பக்கத்தில் துருவிய முள்ளங்கி. மெக்கானிக் குச்சியால் முட்டையைத் துரத்தினார். அது கிண்ணத்தைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தது. கடைசியில் கரண்டியை எடுத்துக்கொண்டு, "ஸ்பானர் பிடிச்ச கைக்கு இது சரிப்படாது" என்று அறிவித்தார். முட்டை வாயில் கரைந்தது. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று நாக்கு தேடியது. ஒன்றும் கிடைக்காததில் அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

அப்புறம் அந்தக் கிண்ணம் வந்தது. தோலோடு பெரிய துண்டுகளாக வெட்டி, சோயாவும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்த பூசணி. மஞ்சளாகப் பளபளத்தது.

"இது உங்களுக்குன்னே செஞ்சது, ஐயா."

உலகத்தில் மெக்கானிக்குக்குப் பிடிக்காத காய் என்று ஒன்று உண்டென்றால் அது பூசணிதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மருமகள் கையால் அதைத்தான் அவர் சாப்பிட்டு வருகிறார். சப்புக்கொட்டி, இன்னும் கொஞ்சம் கேட்டு. விதி ஜப்பான் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் பார்த்தார். மருமகளுக்கு முன்னால் பூசணி இல்லை. உருளைக்கிழங்கு இருந்தது.

"ஏன் தம்பி, இவளுக்குக் கிடையாதா?"

"அவங்களுக்குத்தான் பூசணியே ஆகாதே," என்றான் நெட்டையன், பலகையைத் துடைத்தபடி.

சொன்ன பிறகுதான் அவன் கை நின்றது. மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற தனக்குத் தெரியாதது, இந்த நெட்டையனுக்குத் தெரிந்திருக்கிறது. மெக்கானிக்குக்கு முதலில் சுருக்கென்றது. கோபம் மாதிரிதான் இருந்தது, கோபம் இல்லை. இவன்தான் அவன் என்பது அப்போதே விளங்கிவிட்டது. கேட்காமலே வந்த கரண்டி, அடுப்புப் பக்கத்து நாற்காலி, உங்களுக்குன்னே செஞ்ச பூசணி. தன்னைப் பற்றி இந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் எவ்வளவு பேசியிருக்க வேண்டும்! அந்த நினைப்பில் அவருக்கு நெஞ்சு இளகிப் போனது.

"உனக்குப் பூசணி பிடிக்காதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சின்ன வயசுலேருந்தே பிடிக்காது, மாமா."

"அப்புறம் ஏம்மா வாராவாரம் செய்யறே?"

"உங்களுக்குப் பூசணின்னா உயிராச்சே."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லணுமா? அன்னைக்கு நான் முதல்முதலா எழுந்து வந்து சமைச்சப்போ, சட்டியை வழிச்சு வழிச்சு சாப்பிட்டீங்களே. கண்ணுல தண்ணியோட."

மெக்கானிக் கரண்டியைக் கீழே வைத்தார். அந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

மகன் போன பிறகு அவள் படுக்கையை விட்டு எழவில்லை. சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். ஒருநாள் அவளுக்குக் கொடுக்கலாமென்று இவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, மகன் போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். பால் பொங்கி, தீய்ந்து, வீடெல்லாம் புகை. உள்ளேயிருந்து அவள் ஓடி வந்தாள். "பாலைக்கூடக் காய்ச்சத் தெரியாதா மாமா உங்களுக்கு? நான் இல்லேன்னா என்ன பண்ணுவீங்க?" என்று அழுதுகொண்டே திட்டினாள். திட்டிய கையோடு அடுப்பைத் துடைத்தாள், உலை வைத்தாள், மகனுக்கு ஆசையென்று வாங்கி மூலையில் கிடந்த பூசணியை நறுக்கினாள். அவள் எழுந்துவிட்டாளே என்ற சந்தோஷத்தில் அவர் விஷத்தைக் கொடுத்திருந்தாலும் சாப்பிட்டிருப்பார். பூசணி எம்மாத்திரம்?

"அம்மா, எனக்கும் பூசணி பிடிக்காது."

அவள் கண்ணை அகல விரித்து அவரைப் பார்த்தாள்.

"செத்தவனை நினைச்சு நீ செய்யறேன்னு நினைச்சேன். வேண்டாம்னு சொன்னா உன் மனசு ஒடிஞ்சு போயிடுமேன்னு முழுங்கினேன்."

"மாமா! மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமாத்தான்."

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவருக்கும் தொற்றிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள். நடுவில் எப்போது அழ ஆரம்பித்தார்கள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

"அவருக்குத்தான் பூசணி பிடிக்கும், மாமா," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஆமா. அந்தக் கடங்காரனுக்குத்தான் பிடிக்கும். தின்ன ஆளில்லாத பண்டத்தை நாம ரெண்டு பேரும் தின்னுக்கிட்டு இருந்திருக்கோம்."

நெட்டையன் எங்கே நிற்பதென்று தெரியாமல் ஒரே தட்டை மூன்றாவது தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தான்.

மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மாமா, ஒரு விஷயம்" என்றாள்.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"ஆளும் தெரிஞ்சுபோச்சு. நெட்டையா இருந்தாலும் கீலுக்கு எண்ணெய் போடற ஆளு."

"ஆனா நான் இன்னும் சரின்னு சொல்லல, மாமா." அவள் குரல் மறுபடி கரகரத்தது. "எப்படிச் சொல்வேன்? நான் போயிட்டா உங்களுக்கு யாரு பொங்கிப் போடுவா? ஒரு வாய் பால் காய்ச்சக்கூடத் தெரியாது. உங்களை அப்படி விட்டுட்டு நான் எங்க போய் நல்லா இருப்பேன்?"

குளியலறைக் கண்ணாடியிடம் சொல்லிப் பழகிய வாக்கியம் இப்போது அவர் கைவசம்தான் இருந்தது. ஆனால் அது போதாது என்று அவருக்குப் பட்டது. தாராளமாகப் போ என்றால் இவள் போக மாட்டாள். இவளைக் கட்டி வைத்திருக்கிற கயிற்றை அவரேதான் முறுக்கினார். அவரேதான் அவிழ்க்க வேண்டும். அவிழ்த்துவிட்டால் நாளைக்கு அந்த வீட்டில் அவர் தனி ஆள். அவர் கிண்ணத்தில் மிச்சமிருந்ததை ஒரே வாயில் குடித்தார்.

"எனக்குச் சமைக்கத் தெரியும்."

"என்னது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி கம்பெனி ரூம்ல நாலு பேருக்கு நான்தான் பொங்கிப் போடுவேன். உங்க அத்தை வந்த அப்புறம் என்னை அடுப்பு பக்கமே விடல. என் பையனுக்குக்கூடத் தெரியாது."

"பொய் சொல்றீங்க. அன்னைக்குப் பால் தீஞ்சுதே? மறுநாளும் தீஞ்சுதே?"

"முத நாள் தானா தீஞ்சுது." மெக்கானிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ எழுந்து ஓடி வந்தே. மறுநாள் காலையில நீ மறுபடியும் சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டே. அப்போ பாலை வச்சுட்டு, பக்கத்துலயே நின்னு, பொங்கப் பொங்கப் பார்த்துக்கிட்டே இருந்தேன். நீ எழுந்து வர்ற வரைக்கும் அடுப்பை அணைக்கல."

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். இஸ்திரி கலைந்தது.

"நீ எழுந்துக்கணும்னுதான் நான் தெரியாதவனா இருந்தேன். இப்போ நீ எழுந்துட்டே. இனிமே நான் எதுக்கும்மா தெரியாதவனா இருக்கணும்?"

"நீங்க தனியா..."

"நான் எங்க தனியா? பத்து நிமிஷ நடையில இருக்கு இந்தக் கடை. என்னை இனி வாராவாரம் பூசணியிலேருந்து காப்பாத்த வேண்டியது இவர் பொறுப்பு." பிறகு கொஞ்சம் தாமதித்து, உண்மையையும் சொன்னார். "கஷ்டமாத்தான் இருக்கும். முத கொஞ்ச நாளு ரொம்பவே. ஆனா நீ இப்படி விஷயத்தை முழுங்கிக்கிட்டு எதிர்ல உட்கார்ந்திருக்கறதைப் பாக்கறது அதைவிடக் கஷ்டம்."

நெட்டையன் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். பூசணிக் கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினான்.

"அது இருக்கட்டும்," என்றார் மெக்கானிக். "ஆளுக்கு ஒரு துண்டு தின்னுடலாம். அவன் பேரைச் சொல்லி, கடைசியா."

மூன்று பேரும் தின்றார்கள். மருமகள் மூக்கைச் சுளித்துக்கொண்டே தின்றாள். நெட்டையன் மட்டும் ரசித்துத் தின்றதை மெக்கானிக் கவனித்தார், கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டார்.

"தனியா வர்றவனுக்குக் கடைக்காரன் ஊத்துவான்னு சொன்னீங்களே தம்பி. கடைக்காரனுக்கு யாரு ஊத்துவா?"

"எனக்கா ஐயா? நான் குடிக்கறதே இல்ல. ஊத்த ஆள் கிடையாது."

"ஒரு கிண்ணம் எடுங்க."

அவன் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினான். ஸ்பானர் பிடித்துக் காய்த்த கை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் அதில் ஊற்றியது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வீட்டுக்குச் சாப்பிட வாங்க," என்றார் மெக்கானிக். "சமையல் என்னோடது."

"என்ன மாமா சமைக்கப் போறீங்க?" என்றாள் மருமகள், இன்னும் சட்டைக் கையை விடாமல்.

"மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல பால் காய்ச்சறேன். நீ எழுந்து வராம உட்கார்ந்துக்கிட்டுப் பாரு."